பதினோரு மணிக் கற்கண்டு

நேற்றுக் காலை மயிலாப்பூர்க் குளக்கரையில் என் பழைய மாணவி வேதா எதிரே ஓடிவந்து, "டீச்சர், லூர்து டீச்சர் போயிட்டாளாம்" என்று அழுதாள். சாந்தோமில் மகள் வீட்டில், மாரடைப்பு. எனக்குக் கண்ணீர் வரவில்லை. பயம்தான் முதலில் வந்தது.

லூர்தம்மாள் எங்கள் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவர். ஊசியில் நூல் கோக்கத் திணறும் குழந்தையிடம், "இன்னா அவசரம்? ரயிலா போவுது?" என்று சிரிப்பார். நான் கணக்கு ஆசிரியை. என்னைக் கண்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

வேதாவுக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நான்கு கணக்கும் முத்து முத்தாக இருக்கும். ஐந்தாவதில் ஏழும் எட்டும் மூன்று என்று எழுதுவாள். கேட்டால் வெறித்துப் பார்ப்பாள். சில நாள் சிலேட்டை வீசுவாள். திமிர் என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் லூர்தம்மாள் அவள் வாயில் கற்கண்டு போடுவதைப் பார்த்தேன். கிறிஸ்தவ வேதக்காரர் கையால் எங்கள் ஜாதிப் பெண் தின்பதா! பொறுக்கவில்லை எனக்கு. ஜாதி கெடுக்கிறாள் என்று தலைமையாசிரியைக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். ஒரே வாரத்தில் லூர்தம்மாளின் வேலை போயிற்று.

போகிற அன்று, வேதா தைத்த கைக்குட்டையோடு என்னிடமே வந்தார். "பாருங்க டீச்சர். பதினோரு மணியானா தையல் கோணிக்கினு போவுது. கற்கண்டு போட்டா நேராவுது. ஏன்னு கேக்காதீங்க, அவங்க அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீங்க மறக்காம குடுத்துடுங்க."

கைக்குட்டையை வாங்கி மேஜைக்குள் போட்டேன். கற்கண்டு கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து, கணக்குத் தப்பென்று வேதாவைப் பெஞ்சின்மேல் ஏற்றினேன். வியர்த்துக் கொட்டி விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. அவள் வீட்டு டாக்டர் ஓடி வந்து குளுகோஸ் ஊசி போட்டார். "நீரிழிவு. காலையில இன்சுலின் போடறா. சர்க்கரை எறங்கினா மூளை ஓடாதும்மா, ஏறினாலும் மந்தம்தான். குழந்தை என்ன பண்ணுவா?" என்றார். கல்யாணத்துக்குத் தடையாகும் என்று வீட்டார் மறைத்திருந்தார்கள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லி லூர்தம்மாளைத் திரும்ப அழைக்கச் செய்திருக்கலாம். வாய் திறக்கவில்லை. இரண்டு முறை சாந்தோம் வரை போய், அவர் வாசலைப் பார்த்ததும் ஜட்கா வண்டியைத் திருப்பச் சொன்னேன். அப்படியொரு கோழை நான்.

நேற்று மாலை லூர்தம்மாளின் கல்லறையில் வேதா கேட்டாள்: "அந்த மொட்டைக் கடுதாசி யார் டீச்சர் எழுதியிருப்பா?" அந்தக் கைக்குட்டை என் கையில் இருந்தது. நான்கு விரல்கடை நேர்த் தையல், பிறகு எறும்பு அலைந்த மாதிரி, பிறகு மறுபடி நேர். அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

லூர்தம்மாள், நிம்மதியாகப் போங்கள். வேதா, அன்று கடிதத்தில் போடாத பெயரை இங்கே போடுகிறேன்.

பர்வதம், கணக்கு ஆசிரியை.