தானம் தந்த குக்கர்

இலங்கையில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அனுப்ப, திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் பாத்திரம் சேகரித்தேன். தருவதைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்து, அப்படியே மூட்டை கட்டினேன்.

அனுப்புவதற்கு முதல்நாள் என் குக்கர் வாஷர் போய்விட்டது. மூட்டையிலிருந்து ஒரு குக்கரை எடுத்துப் பருப்பு வைத்தேன். மூடி பறந்து சீலிங்கில் அடித்தது. நான் கூடத்தில் இருந்ததால் பிழைத்தேன். சேஃப்டி வால்வு ஓட்டையில் திருகாணியை முடுக்கி வைத்திருந்தார்கள்!

குக்கரில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்து, நேரே அந்த வீட்டுக்குப் போனேன்.

"ஏழைங்களுக்குத்தானே அக்கா போவுது, இது போதாதா?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"இதுல நீ சோறு ஆக்குவியா?" என்றேன்.

இப்போதெல்லாம் குக்கர் தருபவரை அவர் வீட்டு அடுப்பிலேயே ஏற்றச் சொல்கிறேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும். மூன்று விசில் வரும்வரை அவர்களையும் அடுப்புப் பக்கத்திலேயே நிற்க வைக்கிறேன்.