பெண்கள் ஆட்டம் அப்புறம் பார்க்கலாம்

பெண்கள் கபடிக்குக் கோச்சாக இருப்பவள் ஒரு ஊரில் இறங்கியதும் முதலில் தேடுவது மைதானத்தை அல்ல, பாத்ரூமை. என்னைப் போல அணியைக் கூட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குகிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் விருத்தாசலத்தில் பி.டி. டீச்சர். என்னிடம் படித்துவிட்டுப் பீங்கான் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன பெண்கள்தான் என் அணி. ஒரே கமிட்டி ஊர் ஊராக நடத்துகிற இந்த வருஷ நாக் அவுட் போட்டியில் நாங்கள் ஃபைனலுக்குப் போயே ஆக வேண்டும். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர் ஃபைனலை மட்டும்தான் பார்ப்பார். எங்கள் ரைடர் கலைவாணிக்கு வீட்டில் கொடுத்த கெடு இந்த ஒரு வருஷம்தான். மாவட்ட அணியில் இடம் கிடைக்காவிட்டால் அதோடு கபடியை விட்டுவிட வேண்டும்.

நல்லூர் வெயில்

காலையில் எங்கள் ஆட்டம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஆண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. தரை காலைச் சுடுகிற உச்சி வெயில் வந்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். ஆண்களுக்குத் தண்ணீர் தெளித்த அதே களத்தில் எங்களுக்கு ஒரு குடம் ஊற்ற ஆளில்லை. பாதம் கொப்புளித்துத்தான் பெண்கள் ஜெயித்தார்கள்.

ஆத்திரம் தாங்காமல் கமிட்டிக்காரரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆம்பள பசங்க சாப்புடப் போயிருக்காங்க டீச்சர். அதுவரைக்கும் கூட்டம் கலையாம இருக்கணும் இல்லீங்களா?"

வேப்பூர் பொன்னாடை

செமி ஃபைனல். கலைவாணி இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். நடுக்கோட்டுக்கு ஒரு எட்டுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மைக்கில் கத்தினார்கள், நடுவரும் விசில் ஊதிவிட்டார். மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிந்த பிறகு, அந்த ரைடு செல்லாதாம், மறுபடி ஆட வேண்டுமாம். நான் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரே பாயிண்ட்டில் தப்பிப் பிழைத்தோம்.

நடுவருக்கு என்மேல்தான் வருத்தம். "பெரியவரு வந்து நிக்கும்போது ஆடிக்கிட்டிருந்தா மரியாதையா இருக்குமா மேடம்? பாயிண்ட்டு எங்க ஓடிடப் போவுது?"

கம்பெனி லீவு

ஃபைனலுக்கு லீவு கேட்டு, கலைவாணி வேலை செய்யும் பீங்கான் பொம்மைக் கம்பெனி முதலாளியிடம் நானே போனேன். அன்றைக்குச் சூளை ஏற்றுகிறார்களாம், விட முடியாதாம். அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகக் கூட வேலை செய்யும் பெண்கள் சொன்னார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ஓடிப் புடிச்சி வெளையாடறதுக்கு ஒரு லீவா? நல்லா இருக்குதே."

சேத்தியாத்தோப்பு கப்பு

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள் கலைவாணி. இங்கே வந்தால், இருட்டுவதற்குள் ஆண்கள் ஃபைனலை முடிக்க வேண்டுமாம். அதனால் பெண்கள் ஆடவே வேண்டாம், இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு கப்பு என்று மைக்கில் அறிவித்தார் நல்லூரில் பார்த்த அதே கமிட்டிக்காரர். ஆள் எடுக்க வந்தவர் எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கினார்.

எதிரணிப் பெண்களும் கப்பைத் தொடவில்லை. எங்கள் பெண்களோடு சேர்ந்து களத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். கலைவாணி மட்டும் ஆள் எடுக்க வந்தவர் முன்னால் போய் நின்றாள். "பார்த்துட்டு வேணாம்னு சொல்லுங்க சார், போயிடறேன். பார்க்காம போவாதீங்க." அவர் உட்கார்ந்தார்.

வேறு வழியில்லாமல் பாதி நேரம் ஆட விட்டார்கள். நாங்கள் தோற்றோம். ஆனால் அவர் கலைவாணியைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு, மாவட்ட அணிப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்போது கமிட்டிக்காரர் என்னிடம் மைக்கை நீட்டினார்: "பொண்ணுங்களுக்கு நம்ம கமிட்டி எப்பவுமே ஊக்கம் குடுக்கும். ரெண்டு வார்த்த நன்றி சொல்லிடுங்க டீச்சர்."

கபடியில் எதிரணிக்கு ஏழே பேர்தான். நாங்கள் ஜெயிக்க வேண்டியிருந்தவர்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.