ஜீப் ஸ்டாண்டு போர்டில் என் கமா

முப்பது வருடம் மூணாற்றில் ஜீப் ஓட்டினேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த வருடம்தான்.

இன்று எங்கள் ஸ்டாண்டுக்கு நானே இங்கிலீஷில் போர்டு எழுதினேன். ‘மழை பெய்தால்’ என்று எழுதி, ஒரு கமா போட்டு, ‘ஜீப் போகாது’ என்று முடித்தேன்.

டிரைவர் செல்வம் சிரித்தான். “என்ன பெரியப்பா, நடுவுல வால் மாதிரி தொங்குது? அழிச்சிருங்க.”

“ஏல, எஸ்டேட் ரோட்டுலேர்ந்து மெயின் ரோட்டுல ஏறும்போது நிப்பாட்டுவியா?”

“நிப்பாட்டித்தான் ஏறுவேன்.”

“மெயின் ரோட்டுலேர்ந்து எஸ்டேட்டுக்குத் திரும்பும்போது?”

“நிக்காம போயிருவேன்.”

“இங்கிலீஷும் அப்படித்தான்ல. ‘மழை பெய்தால்’ முதல்ல வந்தா கமா போட்டு நிக்கணும். கடைசியில வந்தா நிக்க வேண்டாம்.”

செல்வமே ஏணி போட்டு போர்டை மாட்டினான்.

மதியம் மழை கொட்டியது. அவன் சவாரி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என் கமா மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் வந்தால், சரியாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.