கிழக்குச் சுவரில் டச்சு வெயில்

சிங்காநல்லூரில் தடுக்கி விழுந்தால் பம்ப்செட் செய்கிறவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் ஓவியம் பேசும் பம்ப்செட்காரர் மரியஅந்தோணி ஒருவர்தான். அவருக்குப் பக்கத்து வீடாக அமைந்தது என் தலையெழுத்து.

பம்ப்செட் கண்காட்சிக்கென்று நெதர்லாந்து போனவர், ஆர்டர் பிடித்தாரோ இல்லையோ, ஆறடி அகலத்துக்கு ஒரு பழைய டச்சு ஓவியத்தின் நகலைப் பிடித்துக்கொண்டு வந்தார். சன்னலோரம் ஒரு பெண் ஆப்பிள் தோல் சீவுகிறாள். அவ்வளவுதான் படம். அதற்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தார். மியூசியத்தில் கேட்ட விளக்கத்தை வேறு மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

"வெளிச்சம் எடது பக்கத்துச் சன்னல்ல இருந்து வருதுங்க. மொதல்ல நெத்தி, அப்புறம் கை, கடைசியா ஆப்பிள். தரைக்கல்லு கோடெல்லாம் அந்தக் கைக்கே போகுது பாருங்க. மூலையில தொடப்பம், அது மனசோட சுத்தம். காலடியில நாய், விசுவாசம். இடுப்புல சாவிக்கொத்து, ஊட்டம்மாவோட அதிகாரமுங்க."

இதைச் சொல்லும்போது பீரோ சாவி இவர் இடுப்பில்தான் தொங்கும்.

படம் கொள்ளும் சுவர் சாப்பாட்டு அறையின் கிழக்குச் சுவர் மட்டுமே. அந்த அறையின் ஒரே சன்னலும் அதில்தான் இருந்தது. அவர் மனைவி அருள்செல்விக்கு அந்த வீட்டில் சொந்தமென்று ஏதாவது இருந்ததென்றால் அது அந்தச் சன்னலோரம்தான். காய் நறுக்குவதும் பேப்பர் படிப்பதும் என் மனைவியிடம் ரெண்டு வார்த்தை பேசுவதும் அங்கேதான்.

"அடைச்சுப்போடாதீங்க. எனக்கு அது வேணுமுங்க" என்றார் அவர்.

"படத்துலயே சன்னல் வருதே அருளு."

செங்கல் வந்தது, சன்னல் போனது. படத்துக்கு மேலே ஸ்பாட் லைட் எரிந்தது. அருள்செல்வி பட்டப்பகலில் ட்யூப் லைட் போட்டுக் கத்தரிக்காய் நறுக்கினார்.

படம் வந்தால் போதுமா, பார்க்க ஊர் கூட வேண்டாமா? பங்குச் சாமியார், தொழில் சங்கத்தார், அவிநாசிச் சம்பந்தி வீட்டார் எல்லோரையும் அழைக்க எந்த நாள் தோதுப்படும் என்று மனைவியிடம் கேட்டார். அருள்செல்வி பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "வியாழக்கெழம பகல்ல வெச்சுக்கலாமுங்க" என்றார்.

அந்த வியாழக்கிழமை எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. அது பேப்பரிலேயே போட்டிருந்தது. மரியஅந்தோணி உலக ஓவியம் அறிந்தவர், உள்ளூர்ப் பேப்பர் படிக்கிறவர் அல்ல. இன்வெர்ட்டரையும் ஃபேனுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்.

பட்டப்பகலில் நாங்கள் இருட்டில் நின்றோம். "வெளிச்சம் எடது பக்கத்துல இருந்து வருதுங்க" என்று அவர் ஆரம்பித்தார். ஆளுக்கொரு செல்போன் டார்ச்சை அடித்தோம். கண்ணாடியில் எங்கள் மூஞ்சிகள்தான் தெரிந்தன. நாய் இருக்க வேண்டிய இடத்தில் என் மூக்கு இருந்தது.

சாமியார் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அந்தோணி, போன தடவ ஊடு மந்திரிக்க வந்தப்ப இங்கொரு சன்னல் இருந்துச்சே?" என்றார்.

"இருக்குதுங்க சாமி" என்றார் அருள்செல்வி. "படத்துக்குப் பின்னால."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாள். அதற்குமேல் மரியஅந்தோணியால் என்ன செய்ய முடியும்? மறுவாரம் கொத்தனார் வந்து செங்கல்லை எடுத்தார். படத்தை வெட்டிச் சிறிதாக்கி எதிர்ச்சுவரில் மாட்டினார்கள்.

நேற்று போயிருந்தேன். அருள்செல்வி சன்னலோரம் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெயில் அவர் நெற்றியில் விழுந்து, கையில் இறங்கி, வெங்காயத்தில் பளபளத்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. மரியஅந்தோணி அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று படத்தைக் காட்டி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.