முப்பத்தோராம் நாள் மலர்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் பழைய பாமினி எழுத்துருவில்தான் கேட்டார்கள். நான் எழுதியிருந்ததோ யூனிகோடில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற நானே முன்பு எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று லப்டொப்பில் இருந்தது. ஆனால் முந்தின நாள்தான் லப்டொப்பின் இயங்குதளத்தைப் புதுப்பித்துத் தொலைத்திருந்தேன். புரோகிராம் ஓட மறுத்தது. அது ஓடத் தேவையான கமாண்ட் லைன் டூல்ஸ் இல்லை, நிறுவவா என்று லப்டொப் கேட்டது. சம்மதித்தேன். மிச்சம் இரண்டு மணித்தியாலம் என்று காட்டியது.

அச்சகத்தார் மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார். நான் லப்டொப்பை ஏசிக்கொண்டிருந்தேன்.

"எழுதினதை வாசி பாப்பம்," என்றார் அம்மா.

வாசித்தேன். பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், யாரையும் கடிந்து பேசாத உத்தமர். அம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"இது ஆரைப் பற்றி எழுதினது, தம்பி?"

டூல்ஸ் வந்து சேர்ந்தது. புரோகிராம் ஒரு நொடியில் எல்லாவற்றையும் மாற்றித் தந்தது. ஓர் எழுத்தும் பிசகவில்லை. நான் அதை அனுப்பவில்லை. அச்சகத்தாரிடம் இன்னும் ஒரு நாள் கேட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினேன்.

"அப்பா குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து எங்களை ஏசுவார்."