லண்டன் போல்ட் பிடிக்காத கதவு

கழக்கூட்டம் பைபாஸுக்குப் பின்னால், நான் குடியிருக்கும் வீட்டின் ஷெட்டில், மூன்று வருஷமாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே சீட். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. வண்டியின் சொந்தக்காரர் வினீத், ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. அதைப் பழையபடி ஓட வைக்க மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர் ஞானையன் அண்ணன். ஆறே மாசம் என்று சொல்லித்தான் வந்தார்.

அந்த வண்டிக்கு இங்கே எந்தச் சாமானும் கிடைக்காது. அதன் போல்ட் மரையெல்லாம் இஞ்ச் கணக்கு. சாலைக் கம்போளச் சந்தைக் கடைகளில் இருப்பது மில்லிமீட்டர். அண்ணன் அசரவில்லை. கதவுக் கீலின் ஓட்டையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, கிடைத்த போல்ட்டை முடுக்கினார். கண்ணாடி ஏற்றத் தையல் மிஷின் பல்சக்கரம். ஆக்சிலேட்டருக்கு சைக்கிள் பிரேக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் வினீத், "அடிபொளி, சேட்டா!" என்பார்.

போன மாசம், அண்ணனிடம் தொழில் பழகிய செல்வின் நாகர்கோவிலில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டான். அண்ணனுக்குப் பாதிப் பங்கு. ஒன்றாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அண்ணனின் மனைவி நேசமணியும் ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார்.

"வண்டிய வேற ஆள்கிட்ட ஏல்பிச்சிட்டு தாராளமா போய்க்கோ சேட்டா," என்றார் வினீத்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்; அதுவும் மெக்கானிக்கல். "எங்கெங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்கண்ணே, நான் எழுதித் தாரேன். அது இருந்தா எவனும் பாத்துக்குவான்," என்றேன். ஒரு ஞாயிறு முழுக்க அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். நாற்பத்துமூன்று மாற்றங்கள். பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன்.

"படிச்சவன் படிச்சவன்தாம்லே," என்று அட்டையைத் தடவினார் அண்ணன்.

தம்பானூரில் பழைய கார்களைப் பழுது பார்க்கும் ஸ்ரீகண்டன் வந்தார். மூன்று பக்கம் படித்தார். வினீத் லண்டனிலிருந்து வரவழைத்திருந்த அசல் கீல் போல்ட்டை எடுத்து ஓட்டையில் விட்டார். அது லொடலொடவென்று ஆடியது.

"இது காரோ, பழைய இரும்பு எடை போட்டு விக்குற ஆக்ரிக்கடையோ?" என்று சிரித்தார். "கெட்டின ஆளே அவுக்கட்டும். நான் தொடமாட்டேன், கேட்டோ."

நான் எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் ஏற்றிருப்பார் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

"போட்டுட்டுக் கிளம்புங்கண்ணே," என்றேன்.

"கை வச்ச வண்டிய பாதியில விட்டுட்டு ஓடினவன்னு பேரு வந்தா, நாரோயில்ல எவன்லே எனக்கு சாவி தருவான்?"

முப்பதாம் தேதி செல்வின் கூப்பிட்டான். அண்ணனின் கையெல்லாம் கிரீஸ். நான்தான் ஃபோனை அவர் காதருகே பிடித்திருந்தேன்.

"வண்டி ஓடுதாண்ணே, இல்லியா?"

"ஓடுது மக்கா."

"பெறவென்ன?"

"நான் கூட நின்னா ஓடுது."

"அப்ப நான் வேற ஆளப் பாக்கட்டா?"

அண்ணன் தன் போல்ட்டையே திரும்ப முடுக்கியிருந்த கதவைச் சாத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது.

"பாத்துக்க," என்றார்.