அவள் பிரேக்கைத்தான் மிதித்தாள்

என் மனைவி சுகந்தி அன்று பிரேக்கைத்தான் மிதித்தாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள் என்று சொன்னவன் நான். தெரிந்தே சொன்னேன். பொய் சொன்னேன்!

ஐந்து வருடங்களாக அவள் அதை உண்மையென்று நம்பிக்கொண்டிருக்கிறாள். தன் காலையே நம்பாமல் வாழ்கிறாள். நானோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஜோக் அடித்தால் சிரிக்கவும் செய்கிறேன்... உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் அவளைப் பார்க்கப்போவதில்லை, அதனால்தான். இதிலும் கோழைத்தனம்தான். போகட்டும்.

அப்போது நாங்கள் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்ட் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மதுரையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு கம்ப்யூட்டர் வேலை. சுகந்தி ஊரில் கெமிஸ்ட்ரி டீச்சர். இங்கே வீட்டில் முடங்கிக் கிடந்தாள். எங்கள் மகள் மிதுனாவுக்கு ஆறு வயது.

அந்தப் பழைய காரை வாங்கியது எனக்காக அல்ல, சுகந்திக்காக. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்ளும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. ஒரே நிபந்தனை, லைசென்ஸ் வேண்டும். நாளெல்லாம் வீடு வீடாகப் போக வேண்டுமே! 'எனக்குன்னு ஒரு வேலைங்க' என்று அதைச் சொல்லும்போதே அவள் முகம் மாறிவிடும். மஞ்சள் எல் போர்டை ஒட்டிக்கொண்டு பழகினாள். நன்றாகவே ஓட்டினாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்... நன்றாகவே ஓட்டினாள்!

வண்டி ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. ஸ்டார்ட் செய்தால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். பின்சீட்டிலிருந்து மிதுனா அதற்கு 'ஹாய்' என்பாள். ரேடியோவில் இந்த ஊர் ஸ்டேஷன்களில் பாதி பிடிக்காது. முன் பம்பரில் நீளமாக ஒரு சிராய்ப்பு. சீட்டில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை.

வாங்கிய கையோடு குணாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். குணா மலேசியத் தமிழர். வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பிரதர், எஞ்சின் நல்லா இருக்கு. பெல்ட் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். டயர்தான் நாலும் தேஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு. வாரண்ட் பாஸ் ஆயிரும், ஆனா மழையில நிக்காது. காசு டைட்டா இருந்தா மத்ததெல்லாம் விடுங்க லா, மொதல்ல டயர மாத்துங்க."

வாரண்ட் என்பது இங்கே வண்டிக்குத் தரும் தகுதிச் சான்று. விற்றவரே புதிதாக வாங்கிக் கொடுத்திருந்தார். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, பிறகென்ன? டயர் விற்கிற மனிதர் டயரை மாற்றச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்! இப்படித்தான் நினைத்தேன். அவர் நல்லதற்குச் சொன்னதை வியாபாரம் என்று எண்ணிக்கொண்டேன். எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டிக்கென்று நாங்கள் ஒதுக்கியிருந்த பணம் கொஞ்சம். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே! டயர் மாற்றினால் வேறொன்றும் செய்ய முடியாது. வேறு ஏதாவது செய்தால் டயர் மாற்ற முடியாது. கணக்கு அவ்வளவு எளிது. அந்தக் கணக்கில்தான் நான் தோற்றேன்.

அந்த நேரம் பார்த்து பிரபு பிளாட் புஷ் என்ற புதுக் குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கினான். கல்லூரியில் எனக்கு ஜூனியர், என் நோட்டை வாங்கிப் படித்துப் பாஸ் பண்ணியவன். கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தபோது, 'அண்ணே, நீங்க பஸ்ல எப்படி வருவீங்க, நான் வேணா வந்து கூட்டிட்டு வரவா?' என்று கேட்டான். நான் வண்டி வாங்கியது தெரியாமல், பாவம், அன்பாகத்தான் கேட்டான்! எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் புது வண்டி நிற்கும். நடுவில் என்னுடைய சிராய்ப்பு வண்டியா? எல்லோரும் பார்க்க, ஜப்பானியப் பெண் பேசிக்கொண்டே போய் நிற்பதா?

பம்பருக்குப் பெயிண்ட் அடித்தேன். சீட் கவர் போட்டேன். பெரிய திரை வைத்த ஸ்டீரியோ மாட்டினேன். பின்னால் கேமரா, பாட்டு கேட்டால் நெஞ்சு அதிர ஸ்பீக்கர். பணம் தீர்ந்தது.

சுகந்தி கேட்டாள்: "என்னங்க, டயர் ஏதோ மாத்தணும்னீங்களே, மாத்தியாச்சா?"

"அதெல்லாம் பாத்தாச்சு."

பார்த்தாச்சு! ஆமாம், பார்த்தேன். அதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

கிரகப்பிரவேசத்துக்குப் போகும் வழியில் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். குருக்கள் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு எலுமிச்சம்பழங்களை என் கையில் கொடுத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கக் குனிந்தேன். முன்சக்கரத்தில் பழத்தை வைக்கும்போது என் விரல் டயரில் பட்டது. வழுவழுவென்று இருந்தது. பள்ளங்கள் பெயருக்குத்தான் இருந்தன. இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.

எழுந்து என்ன செய்தேன் தெரியுமா? சாமியைப் பார்த்துக் கும்பிட்டேன். 'வண்டியை எடுங்க' என்றார் குருக்கள். எடுத்தேன். பழங்கள் நசுங்கின. சுகந்தி கைதட்டினாள்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது. அடுத்த சம்பளத்தில் மாற்றிவிடலாம் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சம்பளம் வந்தது. பள்ளிச் சீருடை வந்தது, கரண்ட் பில் வந்தது, டயர் மறந்தது. மறந்தது என்பதும் பொய். ஒவ்வொரு மழைக்கும் அது ஞாபகம் வந்தது. இந்த ஊரிலோ மழை கேட்டுக்கொண்டா வருகிறது!

அவளுடைய டிரைவிங் டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"மழையா இருக்கே, நாளைக்குப் பழகலாமா?" என்றாள்.

"டெஸ்ட் அன்னைக்கு மழை பேஞ்சா என்ன பண்ணுவ? வா, வா."

நான்தான் கூப்பிட்டேன். மிதுனாவைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தோம். கிளென்ஃபீல்டின் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏற்றமும் இறக்கமும்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தெரு சரேலென்று இறங்கி, குறுக்கே போகும் பெரிய சாலையில் முட்டும். முனையில் ஸ்டாப் போர்டு.

அவள் மெதுவாகத்தான் இறங்கினாள். எங்கே மிதிக்க வேண்டுமோ அங்கே மிதித்தாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் காலுக்குத்தான் போகும். அவளுடைய வலது கால், வெள்ளை ஷூ, பிரேக் பெடலின் மேல் முழுதாக அழுந்தியிருந்தது... கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. வண்டி நிற்கவில்லை!

"என்னங்க! நிக்கல! என்னங்க..."

வழுக்கிக்கொண்டே போனது. எங்களுக்கு முன்னால் பெரிய சாலையில் ஒரு பஸ் கடந்துபோனது. அதன் பின்பக்கம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஒரு நொடி முன்னதாகப் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். சாலையைக் குறுக்கே தாண்டி, எதிர்வீட்டு மரவேலியை உடைத்துக்கொண்டு நின்றோம். ஏர்பேக் வெடித்தது. ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மிதுனா அலறியது கேட்டது.

பெல்ட் அழுத்தியதில் அவளுக்குக் கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்திருந்தது. சுகந்தி பின்சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு 'அம்மா இங்க இருக்கேன், அம்மா இங்க இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த வீட்டுக்காரப் பெண்மணி போர்வையோடு ஓடிவந்தார். வெள்ளைக்காரர், வயதானவர். தன் வேலி போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'என்ன ஆயிற்று, கண்ணே?' என்று சுகந்தியைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

"இவள் இப்போதுதான் பழகுகிறாள். பெடலை மாற்றி மிதித்துவிட்டாள்."

ஆங்கிலத்தில் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம்... நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன். வாய் தானாக ஒன்றும் சொல்வதில்லை. சுகந்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. 'அப்படியா?' என்று கேட்டது, அவ்வளவுதான்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, 'மாற்றி மிதித்துவிட்டேன் போலிருக்கிறது' என்று அவளே சொன்னாள். கண்ணாடியில் வாரண்ட் புதிதாக இருந்தது. யாரும் குனிந்து டயரைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மிதுனாவை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே நாங்கள் இருவர் மட்டும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளே வழி திறந்துவிட்டாள்.

"நான் பிரேக்தானேங்க மிதிச்சேன்? காலுக்கு அடியில படபடன்னு அடிச்சுதே... அது என்ன?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன். சக்கரம் வழுக்கினால் வண்டி தானாகவே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது பிரேக் பெடல் காலுக்கடியில் அப்படித்தான் படபடக்கும். ஆக்ஸிலரேட்டர் ஒருநாளும் அப்படி அடிக்காது. அவள் கேட்ட கேள்விக்குள்ளேயே அவளுடைய சாட்சி இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது!

"பதட்டத்துல அப்படித்தான் தோணும்," என்றேன். "விடு. நடந்தது நடந்துபோச்சு."

எதற்குப் பயந்தேன்? சிறைக்கா, அபராதத்துக்கா? இல்லை. ஒரு பாட்டுப் பெட்டிக்காக, பிரபு வீட்டு வாசலில் அரைநாள் நிற்பதற்காக, என் பிள்ளையின் எலும்பை முறித்தேன் என்று சுகந்தியிடம் சொல்லப் பயந்தேன். அவள் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். அதற்குப் பதில் அவளே தன்னை அப்படிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு சுலபம்!

மறுநாள் குணாவுக்குப் போன் போட்டேன். வண்டியைச் சரிசெய்யும்போது முதல் வேலையாக டயர் நாலையும் மாற்றிவிடச் சொன்னேன். "சரி பிரதர்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

சுகந்தி டெஸ்டை ரத்து செய்தாள். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. மறுபடியும் ஓட்டச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஓட்டினால் ஒருநாள் மழையில் பெடல் படபடக்கும், விஷயம் அவளுக்குப் புரிந்துவிடும்... இந்தக் கணக்கு என் மனதில் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

கிளென்ஃபீல்ட் பக்கம் ரயில் கிடையாது. அதனால் ஏவன்டேலுக்குக் குடிபெயர்ந்தோம். இப்போது அவள் ஒரு பேக்கிங் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். மழையில் ரயிலுக்கு நடக்கிறாள். 'கொண்டுபோய் விடட்டுமா?' என்றால், 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்கிறாள். என் வண்டியில் முன்சீட்டில் அவள் உட்காருவதே இல்லை. பின்னால் மிதுனாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முனையிலும் மகளின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டுகிறாள். மிதுனாவுக்கு இப்போது பதினொரு வயது. "அம்மா, ஐம் ஃபைன்!" என்று அந்தக் கையைத் தள்ளிவிடுகிறாள்.

போன மாதம் சுகந்தியின் பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அதே வேலை, ஆள் எடுக்கிறார்களாம். 'எனக்கு ஓட்ட வராதுப்பா, நான் ஓட்டினா யாரையாவது கொன்னுருவேன்' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

போன சனிக்கிழமை காலை. மிதுனா நெட்பால் விளையாடப் போயிருந்தாள். சுகந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சுகந்தி, அந்த ஆக்ஸிடென்ட் விஷயமா உங்கிட்ட ஒண்ணு..."

கத்தியைக் கீழே வைத்தாள். "வேணாங்க," என்றாள். "நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்."

தெரியுமா! எப்போதிருந்து? அவளே தொடர்ந்தாள்.

"வேற ஒருத்தனா இருந்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பான். பெத்த பிள்ளை எலும்ப ஒடச்சவ நான். நீங்க ஒரு நாள், ஒரு வார்த்தை சொன்னதில்ல. அன்னைக்கு நான் வண்டி ஓட்டுனதப் பத்தி பிரபு விளையாட்டுக்குக் கேலி பண்ணப்பகூட நீங்கதான அவர அதட்டுனீங்க? அந்த ஒண்ண நெனச்சுக்கிட்டுத்தான் இந்த ஊர்ல காலத்தத் தள்ளுறேன். உங்க நல்ல மனசு யாருக்குங்க வரும்..."

கண் கலங்கியிருந்தது. கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாச் சொல்லுங்க. எம்மேல இன்னும் மனசுல ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

கேட்டீர்களா! என்னிடம் கேட்கிறாள்! இதுதான் நேரம், சொல்லடா, சொல்லித் தொலையடா என்று உள்ளே ஒருவன் கத்தினான். வாயைத் திறந்தேன்.

"சேச்சே," என்றேன். "அதான் அன்னைக்கே மன்னிச்சாச்சே."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள். எனக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன்.